மேஸ்திரியின் மணியை நான் கட்டிக்கொண்ட கதை

எங்கள் வீட்டில் இருபத்துமூன்று செம்மறிகளும் ஒரு வெள்ளாடும் இருந்தன. ஆனால் எத்தனை ஆடு என்று யாராவது கேட்டால் "இருபத்துமூணு செம்மறி" என்றுதான் வாயில் வரும். வெள்ளாட்டை நாங்கள் ஆடாக நினைப்பதில்லை. கட்டட வேலையில் எத்தனை ஆள் என்று கேட்டால் மேஸ்திரியை யாராவது சேர்த்துச் சொல்வார்களா? எங்கள் வெள்ளாட்டையும் நாங்கள் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுவோம். இந்தப் பழக்கம்தான் பின்னால் என் மானத்தைக் கப்பலேற்றப் பார்த்தது.

செம்மறி வளர்க்காதவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன். செம்மறி தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு, முன்னால் போகிற ஆட்டின் வாலைப் பார்த்தே நடக்கும். முன்னால் போவது நின்றால் எல்லாம் நிற்கும். அது தாண்டினால் எல்லாம் தாண்டும். ஆனால் "நீ முன்னால் போ" என்று ஒன்றைத் தள்ளினால் போகாது. ஊர்க் கூட்டத்தில் எழுந்து பேசச் சொன்ன மாதிரி ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டு நிற்கும். அதனால்தான் எங்கள் பக்கத்தில் செம்மறி மந்தைக்கு ஒரு வெள்ளாட்டைச் சேர்த்துவிடுவார்கள். வெள்ளாட்டுக்கு வெட்கமும் இல்லை, பயமும் இல்லை. கழுத்தில் ஒரு மணியைக் கட்டிவிட்டால் அது ராஜா மாதிரி முன்னால் போகும். மற்றவை பின்னாலேயே போகும். என் மாமனார் காலத்திலிருந்து இதுதான் வழக்கம்.

எங்கள் ஊர் கவரைப்பேட்டையைத் தாண்டி, ரயில் கூவுவது கேட்கிற தூரத்தில் இருக்கிறது. ஒன்றரை ஏக்கர் நெல் நிலம். அறுப்பு முடிந்த மாதத்தில் ஆடுகள் தாளில் மேயும். மற்ற மாதங்களில் ஏரிக்கரையும் புறம்போக்கும் இருந்தன. பிறகு புறம்போக்கைச் சுற்றி ஒரு கம்பெனி சுவர் எழுப்பியது. அந்தச் சுவரின் கடைசிக் கல்லை வைத்தபோது, உள்ளே இருந்து கடைசி ஆட்டை ஓட்டி வந்தவள் நான்தான். ஏரிக்கரைப் பக்கத்து வயல்களில் பிளாட்டுக் கல் முளைத்தது. மிஞ்சியது ரோட்டோரம். போன ஆடி மாதம் அந்த ரோட்டோரத்தில் ஒரு சினை ஆட்டை லாரி அடித்துவிட்டது. நான் நாலு அடி தள்ளி நின்றுகொண்டிருந்தேன்.

அன்றைக்கு என் மகன் சோறு சாப்பிடவில்லை. அதே கம்பெனியில்தான் அவனுக்கு வேலை, காண்டிராக்டில்.

"அடுத்தது நீதான்மா. ஆட்ட வித்துடலாம்" என்றான்.

"நான் போயிட்டா ஆட்ட யாருடா பாத்துக்குவா?"

"அத்தொட்டுதான், நீ போறதுக்கு முன்னாடி ஆட்ட அனுப்பிடலாம்ன்றேன்."

நல்ல பையன்தான். பதில் சொல்லும் சாமர்த்தியம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது. கார்த்திகை மழை நின்ற வாரத்தில் முடிவாகச் சொல்லிவிட்டான்: "தை பொறந்ததும் யாவாரிய வரச் சொல்லிக்கீறேன். அதுக்குள்ள ஆட்டுக்கு மேய ஒரு எடம் காட்டு. ரோட்டோரம் ஆவாது. எடம் கீதுன்னா வச்சிக்க. இல்லன்னா எல்லாத்தையும் வண்டில ஏத்திடுவேன்."

நான் தேடாத இடமில்லை. பொன்னேரிப் பக்கம் வரை போய்க் கேட்டேன். எல்லா இடத்திலும் நாற்று, இல்லாவிட்டால் சுவர்.

ஒருநாள் காலை அவன் நைட் ஷிப்டு முடித்து வந்து நாஷ்டாவுக்கு உட்கார்ந்தான். இட்லியைப் பிட்டுக்கொண்டே பெண்டாட்டியிடம் சொன்னான்.

"கம்பெனிக்குப் பின்னால சோலார் பலகை போட்டு வச்சிக்கீறாங்கல்ல, அங்க புல்லு இடுப்பளவு வளந்துட்சி. மிஷின் வுட்டு வெட்டுனா கல்லு தெறிச்சி ரெண்டு கண்ணாடி போச்சி. நேத்து பாம்பு வேற. ஒருத்தனும் உள்ள போவ மாட்டேன்றான். சேப்டி மேடம் ஒரே பேஜாரா குந்திக்கினு கீறாங்க."

நான் அகத்திக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். கை நின்றுவிட்டது. அது எங்கள் பழைய புறம்போக்கு.

"எத்தினி ஏக்கர்டா கீது?"

"அஞ்சாறு இருக்கும்" என்றவன் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தான். "எம்மா. வேணாம்."

"நான் இன்னா சொன்னேன்?"

"நீ ஒண்ணும் சொல்லல. அதான் பயமாக் கீது."

அவன் பயத்துக்குக் காரணம் உண்டு. சின்ன வயதில் அவன் புத்தகப் பைமேல் ஒரு குட்டி படுத்து எழுந்து போனது. அவன் பையைப் பள்ளிக்கூடத்தில் போய்த் திறந்தபோது புத்தகத்தோடு புழுக்கையும் கொட்டியது. அதிலிருந்து பத்தாவது முடிக்கும்வரை அவனுக்குப் புழுக்கை என்றே பேர். கம்பெனியில் யாருக்கும் வீட்டில் ஆடு இருப்பதே தெரியாது. "அங்க வந்து என் மானத்த வாங்காதமா" என்று கையெடுத்துக் கும்பிட்டான். நானும் தலையை ஆட்டினேன். தலையை ஆட்டுவதற்கு எந்த அர்த்தம் வேண்டுமானாலும் இருக்கலாம்.

மறுநாள் கேட்டுக்குப் போனேன். செக்யூரிட்டி என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

"எங்க ஆயா போற?"

"உள்ள."

"பாஸ் கீதா?"

"நான் ரெண்டாங் கிளாஸே பாஸ் இல்ல நைனா. மேடத்துகிட்ட போய், பாம்பு விஷயமா ஒரு ஆயா வந்துக்கீதுன்னு சொல்லு."

பாம்பு என்ற சொல்லுக்குக் கதவு திறந்தது. சேப்டி மேடம் சின்னப் பெண், தலையில் வெள்ளை ஹெல்மெட், கண்ணுக்குக் கீழே தூக்கமில்லாத கருப்பு.

"இங்க பாம்பு இருக்குன்னு உங்களுக்கு யார் சொன்னது?" என்றாள்.

"பாம்பேதான் வந்து சொல்லிச்சி. புல்லு ஜாஸ்தியாக் கீதாம், அதுக்கே உள்ள போவ பயமாக் கீதாம்."

அவள் சிரித்துவிட்டாள். சிரித்தவளிடம் பாதி வேலை முடிந்த மாதிரி. ஆட்டை உள்ளே விட்டால் புல்லை நறுக்கிவிடும், கல் தெறிக்காது, சத்தம் கிடையாது, எனக்கு மேய்ச்சல், உங்களுக்கு நிம்மதி என்று சொன்னேன்.

"ஆடு கண்ணாடி மேல ஏறாதா?"

"வெள்ளாடு ஏறும் மேடம். செம்மறி ஏறாது. அதுக்கு மேல பாக்கவே தெரியாது."

"வயரைக் கடிக்காதா?"

"வெள்ளாடு எல்லாத்தையும் கடிக்கும். செம்மறிக்குப் புல்லு போதும்."

"உங்ககிட்ட எத்தனை இருக்கு?"

"இருபத்துமூணு. எல்லாம் செம்மறி."

சத்தியமாக நான் ஏமாற்றவில்லை. மேஸ்திரி என் ஞாபகத்துக்கே வரவில்லை. ஒருநாள் விட்டுப் பார்க்கலாம் என்று அவள் ஒரு தாளில் "செம்மறி மட்டும்" என்று எழுதினாள். நான் கீழே என் பேரை ஒவ்வொரு எழுத்தாகப் போட்டேன்.

சோதனை நாள் வந்தது. கேட்டுக்கு உள்ளே லாரிகளின் வேகத்தைக் குறைக்க ஒரு மேடு போட்டு, அதில் மஞ்சளும் கருப்புமாகக் கோடு அடித்திருந்தார்கள். செம்மறிகள் அதைப் பார்த்ததும் நின்றுவிட்டன. கோடு அவற்றுக்குப் பள்ளமாகத் தெரிந்ததோ, பாம்பாகத் தெரிந்ததோ! மேஸ்திரி ஒரே தாவில் தாண்டியது. மணி குலுங்கியது. உடனே பின்னால் இருந்தவை அதே இடத்தில் ஒவ்வொன்றாகத் தாவி உள்ளே போயின. மேடம் தாவலைத்தான் பார்த்தாள், தாடியைப் பார்க்கவில்லை; அவளுக்கு ஒரே சந்தோஷம். தூரத்தில் என் மகன் ஒரு பெட்டியின் பின்னால் குனிந்து, இல்லாத எதையோ தேடிக்கொண்டிருந்தான்.

கால் மணி நேரம் எல்லாம் சொர்க்கம். பலகைக்கு அடியில் செங்கல் நிற முதுகுகள் வரிசையாக நகர்ந்தன. புல் நறுக்கப்படும் சத்தம் மட்டும் கேட்டது. திடீரென்று மேடம் அலறினாள். பலகைமேல், எல்லாவற்றுக்கும் உச்சியில், வெயிலில் தாடி மின்ன மேஸ்திரி நின்றுகொண்டிருந்தது.

"பாட்டி! செம்மறி மட்டும்னு சொன்னீங்களே!"

"செம்மறி மட்டும்தான் மேடம்."

"அப்ப மேல நிக்கிறது?"

"அது மேஸ்திரி."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை மறக்கவில்லை. எனக்கும் அப்போதுதான் உறைத்தது. வீட்டில் ஒரு வெள்ளாட்டை வைத்துக்கொண்டு, இல்லை என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். மேஸ்திரியைக் கீழே இறக்க அரை மணி நேரமானது. நல்லவேளை, கண்ணாடி உடையவில்லை. குளம்பின் அடையாளம் மட்டும் வெற்றிலையில் சுண்ணாம்பு தடவிய மாதிரி நாலு இடத்தில்.

"வெளிய ஓட்டிட்டுப் போங்க" என்றாள்.

நான் கீழே கையைக் காட்டினேன். மேய்ந்து முடித்த இரண்டு வரிசையும் புதிதாகச் சிரைத்த தலை மாதிரி இருந்தன. மிஷின் நுழையாத கம்பத்தின் அடியில்கூட ஒரு புல் நிற்கவில்லை. மேடம் குனிந்து தடவிப் பார்த்தாள்.

"அந்த வெள்ளாடு இல்லாம வர முடியுமா?"

"தாராளமா" என்றேன். இதுதான் நான் சொன்ன முதல் பொய்.

"அடுத்த திங்கக்கிழமை வாங்க. இது கடைசி வாய்ப்பு பாட்டி."

வீட்டுக்கு வந்து மேஸ்திரியை வேப்பமரத்தில் கட்டிவிட்டுப் பட்டியைத் திறந்தேன். ஒன்றும் அசையவில்லை. கெஞ்சினேன். திட்டினேன். கருவேலங்காயைக் காட்டினேன். நின்ற இடத்திலிருந்து கழுத்தை மட்டும் நீட்டின. ஒரு பெரிய ஆட்டைக் காதைப் பிடித்து முன்னால் இழுத்தேன். அது திரும்பி என் கால்களுக்கு நடுவில் புகுந்து ஓடியது. கொஞ்ச தூரம் அதன்மேல் சவாரி செய்துவிட்டுப் புழுக்கைக் குவியலில் உட்கார்ந்தேன்.

என் மருமகள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். மகன் சிரிக்கவில்லை. "இன்னாமா, யாவாரிக்கு இன்னிக்கே போன் பண்ணிடட்டா?" என்றான். நான் சேலையில் ஒட்டிய புழுக்கையைத் தட்டிக்கொண்டிருந்தேன். என் வாய்க்குப் பதில் வராத நாள் எங்கள் வீட்டில் அபூர்வம். அவனே பயந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான்.

மூன்றாம் நாள் மருமகள் மேஸ்திரிக்குத் தண்ணீர் காட்டப் போனாள். கழுத்துக் கயிறு இற்றுப் போயிருந்ததால் மணியைக் கழற்றி, உள்ளே ஆணியில் மாட்டலாமென்று கையில் எடுத்துக்கொண்டு நடந்தாள். பட்டிக் கதவு திறந்தே கிடந்தது. கொஞ்ச நேரத்தில் சமையல்கட்டிலிருந்து அலறல்.

"அத்தே! ஐயோ அத்தே! ஆடெல்லாம் ஊட்டுக்குள்ள வந்துக்கினு கீது!"

ஓடிப் போய்ப் பார்த்தேன். மருமகள் அரிசி மூட்டைமேல் ஏறி நிற்கிறாள். கையில் மணி நடுங்குகிறது. அது நடுங்க நடுங்க, வாசலில் மிச்சம் நின்ற ஆடுகளும் ஒவ்வொன்றாக உள்ளே வருகின்றன. வெளியே வேப்பமரத்தடியில் மேஸ்திரி தனியாக நின்று கத்திக்கொண்டிருக்கிறது. ஒன்றுகூடத் திரும்பிப் பார்க்கவில்லை.

எனக்குக் கோபம் வந்தது. ஆடுகள்மேல் இல்லை, எங்கள்மேல். மாமனார், மாமியார், என் வீட்டுக்காரர், நான் என்று இத்தனை பேர் இத்தனை காலமும் மேஸ்திரிக்கு முதல் தழை, முதல் தண்ணீர், பொங்கலுக்குத் தனி மாலை என்று மரியாதை செய்து வந்தோம். அவை இவ்வளவு நாளும் மணியின் பின்னால்தான் போயிருக்கின்றன!

"எறங்காத. அங்கியே நில்லு" என்றேன் மருமகளிடம்.

"இன்னா அத்தே வெளையாடறீங்க? அரிசியத் துன்னுது!"

"துன்னட்டும். இன்னொருவாட்டி மணிய ஆட்டு, பாக்கலாம்."

அன்று சாயங்காலமே மணியைப் புதுக் கயிற்றில் கோத்து என் இடுப்பில் கட்டிக்கொண்டேன். வரப்புமேல் நான் முன்னால், இருபத்துமூன்றும் பின்னால். பக்கத்து வயலில் களை எடுத்தவர்கள் விடவில்லை.

"இன்னா ஆயா, சாமி வந்துட்சா?"

"சாமி இல்லடி. மேஸ்திரி வந்துட்சி."

இதிலும் ஒரு நுணுக்கம் இருந்தது. நான் நேராக நடந்தால் அவற்றுக்குச் சந்தேகம் வந்துவிடும். மேஸ்திரி எந்தச் செடியையும் விசாரிக்காமல் போனதில்லையே. அதனால் நானும் பத்தடிக்கு ஒருமுறை நின்று, ஒரு செடியின் பக்கம் குனிந்து, பிறகு நடக்க வேண்டியிருந்தது. குனிந்தேன், அவ்வளவுதான். தழையைத் தின்றேன் என்று என் மருமகள் ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறாள். அது பொய். ஒரே ஒரு புளியந்தளிர்தான் தின்றேன், அதுவும் வாய்க்கு நன்றாக இருந்ததால்.

திங்கட்கிழமை காலை, ஷிப்டு மாறுகிற நேரம். கேட்டுக்கு உள்ளே டீ டம்ளரோடு ஐம்பது அறுபது பேர் நின்றிருந்தார்கள். என் மகனும் நின்றிருந்தான். இந்தத் தடவை ஒளிய ஒரு பெட்டியும் இல்லை. மேடம் என் தலையில் ஒரு மஞ்சள் ஹெல்மெட்டை மாட்டிவிட்டாள். இடுப்பில் மணி, மடியில் கருவேலங்காய், தலையில் ஹெல்மெட். கண்ணாடி பார்க்காமல் போனது நல்லதாய்ப் போயிற்று.

நான் மெதுவாக மேட்டின்மேல் ஏறி இறங்கினேன். மணி குலுங்கியது. பின்னால் சத்தமில்லை. திரும்பிப் பார்த்தால் இருபத்துமூன்றும் அந்தக் கோட்டுக்கு அந்தப் பக்கம் நின்று என் காலையே பார்க்கின்றன.

யாரோ சிரித்தார்கள். மேடம் கையைப் பிசைந்தாள். எனக்கு ஒரு நிமிடம் வியர்த்துவிட்டது. தை பிறக்கப் பத்து நாள்கூட இல்லை. பிறகுதான் புரிந்தது. மேஸ்திரி இங்கே நடக்கவில்லை, தாவியது. இவை தாவலுக்காகக் காத்திருக்கின்றன.

எனக்கு இரண்டு முட்டியிலும் தைலம் போட்டுத்தான் பொழுது விடியும். ஆனாலும் திரும்பி மேட்டுக்கு அந்தப் பக்கம் போனேன். மந்தைக்கு முன்னால் நின்று சேலையை ஒரு சாண் தூக்கிச் செருகினேன். குலதெய்வத்தை நினைத்துக்கொண்டு ஒரே தாவு! மணி கலீர் என்றது. ஹெல்மெட் மூக்கில் வந்து இடித்தது. விழவில்லை. நான் விழவில்லை!

என் பின்னால் முதல் ஆடு தாவியது. அதன் பின்னால் அடுத்தது. நான் தாவிய அதே இடத்தில், அதே உயரத்தில், ஒன்று விடாமல் இருபத்துமூன்றும் தாவின. கடைசியாக வந்த குட்டி தேவைக்குமேல் இரண்டு மடங்கு தாவியது. ஐம்பது அறுபது பேரும் விசில் அடித்தார்கள்.

"யாருடா இந்த ஆயா?" என்று ஒருவன் கேட்டான்.

"எங்கம்மா."

மெதுவாகத்தான் சொன்னான். ஆனால் பக்கத்தில் இருந்த இன்னொருவன் வேடிக்கை பார்க்க ஆடுகளுக்கு நேர் முன்னால் ஓடியபோது குரல் தானாக உயர்ந்தது.

"டேய், எதிர்ல நிக்காதடா, மெரளும்! பக்கத்துல ஒதுங்கி நில்லு! எங்கம்மா பின்னால வர வுடு!"

பத்தாவது முடித்த நாளிலிருந்து பதினோரு வருஷமாக ஆட்டைப் பார்த்தே அறியாதவன் மாதிரி நடித்தவன். எப்படி அதட்டுகிறான் பாருங்கள்.

அன்று உச்சி வெயிலில் ஆடுகள் பலகை நிழலில் படுத்து அசை போட்டன. எங்கள் பழைய புறம்போக்கில் நிழல் கிடையாது. இப்போது வரிசை வரிசையாகப் பந்தல் போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். பாம்பு சட்டையை மட்டும் கழற்றிப் போட்டுவிட்டு எங்கேயோ போய்விட்டது. பத்தே நாளில் பாதி இடம் சுத்தம். முதல் வரிசையில் அதற்குள் புதுத் தளிர் விட ஆரம்பித்தது. பக்கத்துக் கம்பெனிக்காரர்கள் சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து, "எங்க புல்லையும் பாருங்க" என்றார்கள். யோசித்துச் சொல்கிறேன் என்றேன்.

மேடம் எனக்கு ஒரு பாஸ் போட்டுக் கொடுத்தாள். கழுத்தில் மாட்டுகிற அட்டை, என் போட்டோவோடு. என் மகனுடையது மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றுகிற காகித பாஸ். இதை நான் தினமும் அவனிடம் சொல்வதில்லை. ஒருநாள் விட்டு ஒருநாள்தான் சொல்கிறேன். அட்டையில் வேலை என்ற இடத்தில் என்ன போடுவது என்று மேடம் கேட்டாள். "மேஸ்திரி" என்றேன். அப்படியே போட்டுவிட்டாள்.

என் முட்டியைப் பார்த்துப் பரிதாபப்பட்டு இன்னொன்றும் செய்தாள். அந்த மேட்டை உடைத்து எடுத்து, லாரிகளுக்காக வேறு இடத்தில் போட வைத்தாள். கேட்டுக்குள் இப்போது தரை சமமாக இருக்கிறது, ஒரு கோடுகூட இல்லை.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் வியாபாரி வண்டியோடு வந்தார். பட்டி காலியாக இருந்தது. மேஸ்திரி மட்டும் வேப்பமரத்தடியில் ஓய்வு பெற்றவர் மாதிரி படுத்திருந்தது.

"ஆடுங்க எங்கப்பா?"

"டூட்டிக்குப் போய்க்கீது" என்றானாம் என் மகன். அந்த மனுஷர் நம்பவில்லை. நேரில் பார்க்கட்டும் என்று ஷிப்டு முடிகிற நேரத்துக்குக் கேட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்துவிட்டான்.

நான் வெளியே வந்துகொண்டிருந்தேன். மேடு இருந்த இடம் வந்தது. சேலையைச் செருகிக்கொண்டு தாவினேன். பின்னால் இருபத்துமூன்றும் சமதரையில், ஒன்றுமே இல்லாத இடத்தில், வரிசையாகத் தாவி வந்தன.

வியாபாரி வாயைப் பிளந்துவிட்டார். "அங்க ஒண்ணும் இல்லியேப்பா. எதுக்குத் தாண்டுது?"

"எங்கம்மா தாண்டுச்சி, அதான்" என்றான் மகன்.

"அப்ப உங்கம்மா எதுக்குத் தாண்டுது?"

அவன் என்னைப் பார்த்தான். நான் மணியை ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டு, ஒரு செடியின் பக்கம் குனிந்து விசாரித்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தேன்.